காப்பியில் வந்த கருகல் வாடை

ஒரு மடக்குக் குடித்ததுமே ஆனிமேரி டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள்.

“அடியே பிலோமினா! காப்பியெல்லாம் பிளாஸ்டிக் நாத்தம்! அடுப்புல என்னத்தடி போட்டு எரிச்ச?”

பிலோமினாள் தலை நிமிரவில்லை. “முகமூடிய... மதினி.”

இளைஞர் மன்றத்தின் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி! கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது அதை மாட்டி ஆடுவதற்குச் சமயநல்லூர்ப் பையன்களுக்குள் வருஷா வருஷம் அடிதடி. இந்த வருஷம் அந்தப் பெருமை இந்த வீட்டுப் பையன் கிறிஸ்துராஜுக்குக் கிடைத்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் பார்த்தால் முகமூடியைக் காணோம். கூப்பிட வந்தவர்கள் கூட வந்த சேசுராஜுக்குச் சாக்குத் துணியில் முகம் கட்டி அழைத்துப் போய்விட்டார்கள்.

“கேட்டியா தம்பி? பிள்ளைக்கு ஒரு பேரு வந்தா பொறுக்கல இவளுக்கு! பெத்தவ உசிரோட இருந்தா இப்படிச் செய்வாளா?”

ஆனிமேரியின் தம்பி மரியராஜ் வாத்தியார் மனைவியைப் பார்த்தார். “ஏன் எரிச்ச?”

“கேக்காதீங்க...”

“அப்ப வாடிப்பட்டிக்கு, உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு!”

சொல்லிவிடலாம். முகமூடி போடுகிறவன் சாராயம் குடித்துவிட்டு, அது முகத்தில் இருக்கும்போதே வைகைப் பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்து காட்ட வேண்டும். அதுதான் மன்றத்துப் பையன்களின் ரகசியச் சட்டம். கொல்லையில் அவர்கள் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. தடுத்தபோது கிறிஸ்துராஜ் கதறினான். “அப்பாட்ட சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு சித்தி! தோலை உரிச்சிருவாரு! போகலேன்னா பயந்தாங்கொள்ளிம்பானுக!”

சத்தியம் செய்தாள். அப்புறம் முகமூடியைத் தன் முகத்தில் மாட்டிப் பார்த்தாள். கால் வைக்கும் இடமே தெரியவில்லை! நேரே அடுப்பில் வைத்துவிட்டாள். அது உருகி அடுப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

இப்போது டிரங்குப் பெட்டியை எடுத்தாள். பத்து வருஷத்து வாழ்க்கைக்கு நாலு சேலைதான் இருந்தது.

வாசலில் பால்கார வீரணன் மூச்சிரைக்க நின்றான். “வாத்தியாரய்யா! சேசுராசு பாலத்துச் சுவருல இருந்து மணல்ல விழுந்துட்டான்! ரெண்டு காலும் ஒடிஞ்சு போச்சு... பெரியாஸ்பத்திரில கெடக்கான்! உசிரு தப்பினதே பெரிசு!”

உள்ளறைக் கதவு படாரெனத் திறந்தது.

“அப்பா! அது நான் நடக்க வேண்டிய சுவரு!” கிறிஸ்துராஜ் எல்லாவற்றையும் கொட்டினான். “உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். என்னை அடிங்க... எங்கம்மாவ அனுப்பாதீங்க!”

அம்மா! பத்து வருஷமாகச் சித்தி என்றவன்! பிலோமினாளின் கையிலிருந்து பெட்டி நழுவியது. அவனை அள்ளி அணைத்துக்கொண்டாள்.

மரியராஜ் குனிந்து பெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

“நான் பேசினதுக்கு என் நாக்கு அழுகணும்டி...” என்று ஆனிமேரி மார்பில் அடித்துக்கொண்டாள்.

“விடுங்க மதினி. வேற காப்பி போடுறேன்.”

கிறிஸ்துமஸ் அன்று பட்டப்பகலில் கேரல் வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் சாமியாரே நடந்து வந்தார். மாட்டுவண்டியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து சேசுராஜ் டிரம் அடித்தான். தாத்தாவுக்கு இனி முகமூடி கிடையாது, பஞ்சுத் தாடி மட்டும்தான். ஆடி வந்த கிறிஸ்துராஜ் பிலோமினாளின் காலில் விழுந்து எழுந்தான்.

ஆனிமேரி தெருவே கேட்கக் கத்தினாள்:

“ஆடுறது யாரு தெரியுதா? எங்க பிலோமினா பிள்ளை!”