லாச்சிப் பூச்சிகள் பார்க்கும் திசை

முதல் நாள் திரும்பியிருந்தது ஒரு வரிசை மட்டுந்தான். முஃப்லிஹா காலையில் வந்து சுவரோரத்து அலுமாரியின் மேல் லாச்சியை இழுத்தாள். கண்ணாடி மூடிக்குக் கீழே, எல்லாத் தலையும் மேல்பக்கம் பார்க்கும்படி நேர்கோட்டில் குத்தி வைத்திருந்த வண்ணத்துப்பூச்சிகளில் கடைசி வரிசை முழுவதும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசிகள் அசையவில்லை, அடியில் செருகிய பெயர்த்துண்டுகளும் அசையவில்லை. பூச்சிகள் மட்டும் ஊசியைச் சுற்றி, சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

அவள் பயப்படவில்லை. காய்ந்த உடம்பில் ஊசி தளர்ந்தால் பூச்சி சுழலத்தான் செய்யும். ரோட்டில் உப்பு லொறி போனாலே போதும், அலுமாரி நடுங்கும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் நேராக்கி, கீழே ஒரு துளி பசை வைத்து ஒட்டினாள். வேலை முடிந்ததும் கையில் பூச்சி உருண்டையின் நெடி ஏறியிருந்தது. அந்த நெடி இப்போதெல்லாம் சோப்புக்கும் போவதில்லை.

கற்பிட்டியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றில், பூச்சிகளைக் காட்சிக்கு வைத்த அந்த நூதனசாலை இருந்தது. நூதனசாலை என்று பெயர்தான் பெரிது. ஆலங்குடாவுக்குப் பட்டத்தில் தொங்கிக் கடலில் விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் மழை பெய்தால் இங்கே தலை காட்டுவார்கள். இந்த ஊரில் மழை எங்கே பெய்கிறது? வாசலில் காவற்காரர் சாஹுல் ஹமீது, உள்ளே முஃப்லிஹா, மற்றதெல்லாம் செத்த பூச்சிகள். பூச்சி பார்க்கிற வேலைக்குப் போகிறாளாம் என்று ஊரே சிரித்தது. அவளுக்கோ சுகமாக இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குப் போய் ஒற்றைப் பாணைப் பிய்த்துத் தின்பதைவிட, ஆளில்லாத இந்த மண்டபம் ஆயிரம் மடங்கு மேல்.

வீட்டில் ஆளில்லாமற்போனது போன காற்றுக்காலத்தில். அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஜவ்பர் உச்சமுனையிலிருந்து கடலுக்குப் போனான். படகு வந்து கரை ஒதுங்கியது, ஜவ்பர் வரவில்லை. மையித்தும் வரவில்லை. கண்ணால் காணாமல் மௌத்து என்று சொல்ல மாட்டேன் என அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மையித்து இல்லாதவருக்கு ஊர் கூடித் தொழுகிற ஜனாஸாத் தொழுகைக்கு அவள் இடம் கொடுக்கவேயில்லை. தொழுதுவிட்டால் முடிந்தது. அவள் விதவை. இத்தா இருக்க வேண்டும். மாதக்கணக்காக ஓர் அறைக்குள், வெள்ளையைச் சுற்றிக்கொண்டு, அவனை இல்லையென்றே நினைத்துக்கொண்டு.

அந்த வரிசை திரும்புவதற்கு முந்திய மாலைதான் ஜவ்பரின் மூத்த சகோதரர் உசனார் அவள் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். ஜவ்பர் கூப்பிடுவதைப் போல அவளும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"உம்மாக்கு இப்ப நல்லா ஏலாம ஈக்கி, தங்கச்சி. மகனுக்குத் தொழாம நான் கண்ண மூட மாட்டன் எண்டு அழுவுறா. வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு வெச்சிக்குவோமா?"

சண்டை பிடித்துப் பிடித்து முஃப்லிஹாவுக்கும் களைத்துவிட்டது.

"ஓம்" என்றாள்.

சொன்ன கையோடு, அவனைத் தன் கையாலேயே தண்ணீருக்குள் அமுக்கியது போல இருந்தது. இரவு முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் அந்த வரிசை திரும்பியிருந்தது.

அதற்கடுத்த நாள் அவள் லாச்சியை இழுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பசை பிடித்துத்தான் இருந்தது. பசையில் கால்கள் ஒட்டியிருந்தன. உடம்புகள் அந்தக் கால்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பியிருந்தன. கீழ் லாச்சியில் பொன்வண்டுகள். அதற்குக் கீழே தும்பிகள். அலுமாரி முழுவதும் ஒரே பக்கம் பார்த்தது.

சாஹுல் ஹமீதைக் கூப்பிட்டாள். மனிதர் வந்து குனிந்து பார்த்தார், வெளியே போய்ச் சூரியனைப் பார்த்தார், திரும்பி வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கிப்லாப் பக்கம் பாக்குது, புள்ள. சுபுஹானல்லாஹ். நாங்க சோம்பல்பட்டுத் தொழுகைய உடுற, இதுகளப் பாருங்க."

அவர் சொன்னதில் ஓர் ஆறுதல் இருந்தது. அன்று முழுக்க அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள். மேற்கே, தொழும்போது முகம் திருப்புகிற கிப்லா இருந்தது, உண்மைதான். மேற்கே கடலும் இருந்தது. அதை நினைக்காமலிருக்க அன்று நிறையத் தூசி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தெரு செத்துக் கிடந்தது. வெயில் கண்ணாடியில் விழுந்து கூசியது. எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. களப்புப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. முஃப்லிஹா எல்லா லாச்சிகளையும் இழுத்துத் திறந்து போட்டாள், பக்கத்து அறையில் இருந்தவற்றையும். தலைகள் கிப்லாவை விட்டு விலகியிருந்தன. இன்னும் இடத்துக்கு, தெற்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. ஒரு பூச்சியின் முதுகுக்குப் பின்னால் கண்ணை வைத்து அதன் தலைக்கு நேரே பார்த்தாள்: ஜன்னல், தென்னந்தோப்பு, அதற்கும் அப்பால் ஆலங்குடாக் கரை. இரண்டு அறைப் பார்வைகளும் அங்கேதான் போய்க் கூடின.

அவை அசைவதை அவள் காணவில்லை. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் மாறியிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம். கரையை விட்டு ரோட்டுக்கு ஏறியிருந்தது அந்தப் பார்வை. ரோட்டு வழியே வடக்கே, ஊர்ப் பக்கமாக வந்தது. ஒரு மனிதன் நடந்து வருகிற வேகத்தில்.

அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பயமல்ல, சந்தோஷம். அவள் ஓம் என்று சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கிறது. மௌத்தென்று சொல்லிவிட்டாளே என்று ரோசம் வந்து எழும்பி வருகிறான். வேறு யார் இந்த ரோட்டில் அவளைத் தேடி வரப்போகிறார்கள்?

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. சாஹுல் ஹமீது வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனார். ஜவ்பரின் தொழுகையில் முன் வரிசையில் நிற்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. முஃப்லிஹா கைபேசியை எடுத்தாள்.

"நானா, தொழுகைய நிப்பாட்டுங்க."

"என்ன கத இது? சனமெல்லாம் வந்து நிக்கிது."

"அவரு வாறாரு."

"ஆரு?"

"உங்கட தம்பி."

உசனார் குரலைத் தாழ்த்தினார்.

"ஆராச்சும் கண்டதா?"

"கண்டது" என்று பொய் சொன்னாள். "அல்லாஹ்வுக்காக நிப்பாட்டுங்க, நானா. உசிரோட ஈக்கிற மனிசனுக்கு ஆரும் மையித்துத் தொழுவாங்களா?"

"பொய்யெண்டா உம்மா தாங்க மாட்டா, தங்கச்சி."

"பொய்யில்ல."

உசனார் பெருமூச்சு விட்டார். "சரி. நான் இமாம்ட்ட செல்றன்."

அதன் பிறகு அவள் ஒரு சின்னப் பெண்ணாகிவிட்டாள். முகம் கழுவினாள். முக்காட்டைச் சரிசெய்தாள். கதிரையைத் துடைத்து வாசலைப் பார்க்கப் போட்டாள், தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். இத்தனை மாதம் எங்கே போய்க் கிடந்தீங்க என்று முதலில் ஏசுவதா, இல்லை ஒன்றும் சொல்லாமல் அழுவதா என்று யோசித்துக்கொண்டே லாச்சிகளுக்குத் திரும்பி வந்தாள்.

தரையில் ஏதோ ஊர்ந்தது.

செத்த பூச்சியை அரித்துத் தின்ன ஒரு சிறு வண்டு உண்டு, எள்ளளவுதான் இருக்கும். உருண்டை போட்டும் புகை போட்டும் அவளால் அந்தச் சனியனை ஒழிக்க முடியவில்லை. அது இப்போது அலுமாரியின் இடுக்குகளிலிருந்து தானாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டல்ல. கறுப்புக் கோடாகத் தரையில் நெளிந்து, வடக்குச் சுவரில் ஏறி, கூரை ஓட்டுக்குள் போனது. சுவரில் நிரந்தரக் குடியாக இருந்த பல்லியும் அதே வழியில் ஓடியது. வெளியே காகங்கள் மரத்தை விட்டுக் கிளம்பி களப்புக்கு மேலே வடக்கே போயின. ஒன்றுகூடக் கரையவில்லை.

உயிருள்ளதெல்லாம் வருகிறவனை விட்டு வடக்கே ஓடியது. செத்தது மட்டுமே அவன் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தது.

கேத்தல் கொதித்துக் கொதித்து மூடி தட்டியது. அவள் அதை அணைக்கப் போகவில்லை. வருகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியும். அதில் அவள் பிழைவிடவில்லை. எப்படி வருகிறான் என்பதில்தான் பிழைவிட்டிருந்தாள்.

மறுபடி கைபேசியில் உசனாரை அழைத்தாள். நெடுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"நானா, தொழுங்க. இப்பவே தொழுங்க."

"நல்லா ஈக்கி உங்கட கத. சனமெல்லாம் கலஞ்சிட்டு. பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் இனி சேருவாங்க. தம்பி எவடத்துல? உம்மா கேட்டுக்கேட்டே ஈக்கிறா. தங்கச்சி? முஃப்லிஹா?"

அவள் கைபேசியைத் தாழ்த்திவிட்டு லாச்சிகளைப் பார்த்தாள். தலைகளின் பார்வைகள் ஊருக்குள் வந்துவிட்டன. கடைத்தெருவைக் கடந்தன. பள்ளி மதிலோரமாகத் திரும்பின, ஜவ்பர் எப்போதும் திரும்புகிற முடுக்கில்.

வெளியே ஓடலாம். இருந்தது ஒரே வாசல். தலைகள் அந்த வாசலுக்கு நேரே வந்து நின்றன.

சாத்திய கதவு. கதவுக்கடியில் மாலை வெளிச்சம். வெளிச்சத்தை எதுவும் மறைக்கவில்லை. ஆனாலும் உப்பு வாடை வந்தது, மீன் அழுகிய வாடையும் பழைய டீசல் வாடையும் கலந்து. கதவு திறக்கவில்லை. அது உள்ளே வந்தபோது தலைகள்தான் சொல்லின. மெல்ல. வாசல். தூண். முதல் மேசை.

ஊர் தொழாவிட்டால் நான் தொழுகிறேன் என்று நினைத்தாள். ஒருத்தி நின்றாலும் தொழுகை தொழுகைதான். தொழுகைக்குக் கைகால் கழுவிய உளூவோடுதான் இருந்தாள். கிப்லாவைப் பார்த்துக் கண்ணை மூடி நின்றாள். நிய்யத்து வைக்க வேண்டும். மௌத்தான என் மாப்பிள்ளை ஜவ்பருக்காக என்று மனத்தில் நினைக்க வேண்டும். அவ்வளவுதான். மனம் அந்தச் சொல்லுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. மௌத்தான. அதை நினைத்தால் அவன் இல்லை. அவன் இல்லையென்றால் வீடு, பாண், ஒற்றைப் பாய், சாகும்வரை.

அவளால் அவனை விட முடியவில்லை.

"நீங்க வாங்க" என்றாள், அழுதுகொண்டே. "பரவால்ல. எப்பிடியெண்டாலும் வாங்க."

உலர்ந்த செட்டைகள் உரசும் சத்தம் மண்டபம் முழுக்க எழுந்தது. பிறகு அடங்கியது.

அவள் கண்ணைத் திறந்தாள். எல்லா லாச்சியிலும் எல்லாத் தலையும் அவளையே பார்த்தன. பின்னால் நிற்கிறான் என்று நினைத்துத் திரும்பினாள். அங்கே வெறும் சுவர்.

இடப்பக்கம் ஓரடி வைத்தாள். தலைகள் இடப்பக்கம் வந்தன.

வலப்பக்கம் வைத்தாள். வந்தன.

பின்னுக்குப் போனாள். கால் கனத்தது, ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் போல. முதுகு நனைந்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்குப் பின்னால் வழிந்து குதிகாலில் சொட்டியது. முக்காட்டுக்கு உள்ளே, கழுத்தின் இரண்டு பக்கமாகவும், ஊறிப்போன இரண்டு கைகள் முன்னால் வந்து அவளுடைய நெஞ்சுக்குமேல் விரல் கோத்துக்கொண்டன.