இழுக்கும், நிற்குமா?

ஏழு மைல் இறக்கம் என்று யாராவது சொன்னாலே ஹேட்டி காதைப் பொத்திக்கொள்வாள்.

எங்கள் வயோமிங் மலையிலிருந்து ஊருக்குப் போக அந்த ஒரு சாலைதான். போன கோடையில் ஹேட்டியும் அம்மாவும் பழைய பிக்கப் வண்டியில் அதில் இறங்கினார்கள். பின்னால் மாட்டிய டிரெய்லரில் பிஸ்கட் என்ற அவர்கள் குதிரை நின்றிருந்தது. பாதி வழியில் பிரேக் சூடேறிப் புகைந்தது. பிறகு பிடிக்கவே இல்லை. பிரேக் போன லாரிகளுக்காகச் சாலையோரம் கொட்டி வைத்திருக்கும் சரளை மேட்டில் ஏற்றித்தான் அம்மா வண்டியை நிறுத்தினார்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிஸ்கட் டிரெய்லருக்குள் ஒரு வாய் புல்கூடத் தின்பதில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கும். ஹேட்டிக்குப் பதினொரு வயது. அவளும் வண்டியில் ஏறினால் ஒன்றும் தின்பதில்லை.

அந்தப் பழைய வண்டி இப்போது உடைத்து விற்கப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் ஊரில் குதிரைப் போட்டி. அதற்குள் வேறு வண்டி வாங்கியாக வேண்டும். சனிக்கிழமை காலை, மலை மேல் நாற்சந்தியில் இருக்கும் மிஸ்டர் லாயிட் புரூயிட்டின் வண்டிக் கடைக்கு இருவரும் போனார்கள்.

"இதோ, இதான் உங்களுக்குன்னே வந்த வண்டி!" என்று புரூயிட் ஒரு சிவப்புப் பிக்கப்பைத் தட்டினார். சின்ன வண்டி, பளபளவென்று இருந்தது. "பெட்ரோல் குருவி மாதிரிதான் குடிக்கும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பழைய வண்டி பெட்ரோல் குடித்த குடிக்கு அம்மா அதற்கு 'குடிகாரன்' என்று பேர் வைத்திருந்தார்.

"டிரெய்லர இழுக்குமா, லாயிட்?"

"இழுக்குமாவா? மலையையே இழுக்கும்! ஆனா சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றாரு. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

அம்மா கைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார். ஹேட்டி இப்போது கேட்காவிட்டால் அடுத்த வாரம் பிஸ்கட் இந்த வண்டிக்குப் பின்னால் நிற்கும்.

"இழுக்கும், சரி," என்றாள் மெதுவாக. "நிக்குமா?"

பேனா தேடிய கை நின்றது. புரூயிட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"பிரேக் எல்லாம் புதுசு, கண்ணு. வேணும்னா இந்தத் தெருவுல ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க."

"தெருவுல வேண்டாம். ஏழு மைல் இறக்கத்துல பார்க்கணும்."

சொல்லிவிட்டு ஹேட்டியே திடுக்கிட்டாள். அம்மாவும்தான்.

"உனக்கு அங்க போகவே பயமாச்சேடி?"

"பயமா இருக்கிற இடத்துலதானேம்மா பார்க்கணும்?"

"சரி, பிஸ்கட்டைக் கூட்டிட்டு வரலாம்," என்றார் அம்மா.

"ஐயோ, அது பாவம்மா! அது இடத்துல தீவன மூட்டைய ஏத்தலாம். ஐம்பது பவுண்ட் மூட்டை இருபது போட்டா பிஸ்கட் கனம் வந்துடும்."

சிவப்பு வண்டியில் வீட்டுக்குப் போய் டிரெய்லரை மாட்டி, மூட்டைகளை அதன் இடப்பக்கம் அடுக்கினார்கள். எங்கள் ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும், சாலையும் அந்தப் பக்கம்தான் சரிந்திருக்கும் என்பதால் ஒற்றைக் குதிரையை இடப்பக்கம் நிறுத்துவார்கள். புரூயிட் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். அம்மா கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை ஹேட்டி பிரிக்கவே இல்லை.

முதல் மைல் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது மைலில் பக்கத்து மலை இடுக்கிலிருந்து காற்று வந்து மோதியது. டிரெய்லர் லேசாக வாலாட்டியது.

"ஒண்ணுமில்ல," என்றார் அம்மா. அவர் குரலே அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு ஆட்டம். டிரெய்லர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பிடித்து இடமும் வலமும் உலுக்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அம்மா பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இன்னும் கூடியது.

"கடவுளே, கடவுளே," என்று பின்னாலிருந்து புரூயிட் முனகினார்.

ஹேட்டிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஸ்டியரிங்கின் ஓரத்திலிருந்த சின்ன நெம்புகோல் கண்ணில் பட்டது. அதைத் தள்ளினால் டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும். போன கோடைக்குப் பிறகு அம்மா பத்து தடவையாவது சொல்லிக் கொடுத்திருந்தார்.

"அம்மா, கால எடு! அந்த நெம்புகோல்!"

"ஸ்டியரிங்க விட முடியாதுடி!"

"நான் தள்ளட்டுமா?"

"தள்ளு. மெதுவா... மெதுவா..."

ஹேட்டி எட்டி அதைத் தள்ளினாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல டிரெய்லர் நேரானது. வேகம் குறைந்தது. சாலையோரம் அகலமான ஓர் இடம் வந்ததும் அம்மா வண்டியை நிறுத்தினார்.

புரூயிட்டின் தொப்பி அவர் கைக்குள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

"குட்டி வண்டிக்குப் பெரிய வாலு," என்றார் கடைசியில். "தப்பு என்னோடதுதான். விக்கிற அவசரத்துல யோசிக்கல."

ஊர்ந்து கீழே இறங்கி, திரும்ப மேலே ஏறி வருவதற்குள் சிவப்பு வண்டி மூச்சு வாங்கியது. பெட்ரோல் முள்ளைப் பார்த்த அம்மா புருவத்தை உயர்த்தினார்.

"குருவின்னு சொன்னீங்களே, லாயிட்? இது ஒட்டகம்ல!"

"தனியா ஓடினா குருவிதான்," என்று புரூயிட் முணுமுணுத்தார். பிறகு கடையின் பின்பக்கம் போய் ஒரு சாம்பல் நிற டீசல் வண்டியை ஓட்டி வந்தார். நீளமாக, கனமாக இருந்தது. கதவில் ஒரு சொட்டை.

"என்ன கலர் இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி!" என்றார் அம்மா.

மூட்டைகளோடு அதையும் இறக்கத்தில் ஓட்டினார்கள். அதே இடத்தில் அதே காற்று மோதியது. டிரெய்லர் அசைந்து, தானே அடங்கிவிட்டது. ஏறி வந்தபோது டீசல் முள் இறங்கிய மாதிரியே தெரியவில்லை.

அம்மா மறுபடி பேனாவை எடுத்தார்.

"இன்னும் ஒருத்தரக் கேக்கலம்மா," என்றாள் ஹேட்டி.

மூட்டைகளை இறக்கி, வீட்டிலிருந்து பிஸ்கட்டைக் கூட்டி வந்தார்கள். டிரெய்லர் வாசலில் அது கால்களை ஊன்றிக்கொண்டு நின்றது. ஹேட்டி அதன் கழுத்தில் கன்னத்தை வைத்தாள்.

"எனக்கும் பயம்தான்டா. நான் முன்னாடிதான் உக்காந்திருப்பேன்."

பிஸ்கட் பெருமூச்சு விட்டது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. அதன் முகத்துக்கு நேராகப் புல் அடைத்த வலையைக் கட்டிவிட்டு, ஹேட்டி பிரிக்காத ரொட்டிப் பொட்டலத்தோடு முன்னால் போய் உட்கார்ந்தாள். புரூயிட் மறுபடி பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

முதல் மைல். இரண்டாவது மைல். காற்று வந்தது, போனது. போன கோடையில் ஏறி நின்ற சரளை மேட்டைத் தாண்டியபோது ஹேட்டி கண்களை மூடிக்கொண்டாள். எப்போது திறந்தாள் என்று தெரியாது. திறந்தபோது சாலை சமமாகியிருந்தது.

வண்டி நின்றதும் பின்னால் ஓடினாள். டிரெய்லர் கதவைத் திறக்கக் கை வரவில்லை. உள்ளே பிஸ்கட் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தால்? கதவில் காதை வைத்தாள்.

கறுக், முறுக். கறுக், முறுக்.

"அம்மா! தின்னுது! பிஸ்கட் தின்னுதும்மா!"

கதவைத் திறந்து பார்த்தார்கள். புல் வலை பாதி காலி. பிஸ்கட் வாயோரம் ஒரு புல் தொங்க, 'என்ன இப்போ?' என்பது போல் பார்த்தது. அம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பாத்திரம் கழுவின தண்ணியையே எடுத்துக்கறோம், லாயிட்."

புரூயிட் சாவியை ஹேட்டியின் கையில் வைத்தார். "அடுத்த தடவை வண்டி வாங்கப் போறப்ப நானும் உன்னையே கூட்டிட்டுப் போறேன்."

ஹேட்டி தன் இருக்கைக்குத் திரும்பினாள். அங்கே ரொட்டி சுற்றியிருந்த காகிதம் மட்டும் கிடந்தது. ரொட்டியை எந்த வளைவில் தின்று முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.