கருவாடாகிப் போன புல்

மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புல்லைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பாசிரியர் ஸெய்னுதீன் சேர் சொன்ன சோதனை அது. மேய்ச்சல் தரையில் காய்ந்து கிடந்த புல்லைக் கிழிந்த மீன்வலையில் பொட்டலமாகக் கட்டி, மண்ணுக்குள் வைக்க வேண்டும். யாருடைய புல் முதலில் உக்கி மண்ணாகும் என்று பார்க்க வேண்டும்.

ஆட்டெரு கரைத்து ஊற்றினால் கெதியாய் உக்கும் என்றாள் உம்மு குல்சும். செத்த புல்லுக்கும் சோறு போடுகிறாளாம் என்று வகுப்பே சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருந்து பாருங்கோ," என்றாள்.

பாவம், மறுநாளே நெருப்புக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தன் பொட்டலத்துக்கு எரு ஊற்றும்படி கூட்டாளி அசனாவுக்குச் சொல்லியனுப்பினாள்.

அசனா சும்மா இருப்பாளா? மீன் கழுவிய தண்ணீரில்தான் அவள் வீட்டு முருங்கை தழைத்தது. ஆட்டெருவைவிட அதுவே மேல் என்று முடிவு கட்டினாள். உம்மா கருவாட்டுக்கு மீன் ஊறவைக்கும் பீப்பாவிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினாள்.

சில கிழமை கழித்து இரண்டு பேருடைய பொட்டலங்களையும் தோண்டிப் பார்த்தாள். ஒன்றும் ஊற்றாத அவளுடைய புல் கறுக்கத் தொடங்கியிருந்தது. உம்மு குல்சுமின் புல்லோ நேற்றுக் கட்டியது போல மஞ்சளாகவே இருந்தது. அவள் திரும்பி வந்தால் வகுப்பு மறுபடியும் சிரிக்குமே! பொட்டலங்களை மாற்றி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். மனம் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் உம்மா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். உப்புப் பட்டால் மீன் பழுதாகாது என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும். அசனா மீனைப் பார்த்தாள், பீப்பாவைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். புல்லையல்லவா கருவாடாக்கி வைத்திருக்கிறாள்!

மஞ்சள் புல்லில் பாதியைக் கிணற்றடியில் உப்புப் போக அலசி, வேறு வலையில் கட்டிப் புதைத்தாள்; மீதியைப் பழையபடி மூடிவிட்டாள். நாள் தவறாமல் ஆட்டெரு கரைத்து ஊற்றினாள்.

உம்மு குல்சும் மெலிந்துபோய்ப் பள்ளிக்கு வந்தபின்தான் பொட்டலங்களைத் தோண்டினார்கள். சேர் ஒவ்வொன்றையும் ஒரு போத்தலுக்குள் வைத்து, பக்கத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரையும் வைத்து மூடினார். புல் உக்கும்போது வருகிற காபனீரொட்சைட்டு என்னும் கரியமில வாயு அந்தத் தண்ணீரை வெள்ளையாக்கும் என்றார்.

எரு ஊற்றிய புல் கறுப்பு மண்ணாகவே ஆகியிருந்தது. அதன் தண்ணீர்தான் முதலில் பால் போல வெளுத்தது. உப்புப் புல்லின் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

"உம்மு குல்சும் சொன்னது சரி. இந்த மஞ்சள் புல் ஆருடைய புத்தி?" என்று கேட்டார் சேர்.

அசனா எழுந்தாள். "என்ர புத்தி, சேர். கருவாட்டுத் தண்ணி ஊத்தினனான்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை உம்மு குல்சுமும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அசனாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"இனி எனக்குக் காய்ச்சல் வந்தா என்னைப் பார்க்க வா. பீப்பாவை மட்டும் வீட்டிலயே விட்டிட்டு வா," என்றாள்.