ஒன்று போதும்

தூறல் விழுகிறதே, பிள்ளைகளின் செருப்பு நனைந்துவிடுமே என்று தேவிப்ரியா வாசலுக்கு வந்தபோது அங்கே ஒரு ஜோடிதான் கிடந்தது. இரட்டைப் பிள்ளைகள் உமையாளுக்கும் அபிராமிக்கும் போன வாரம்தான் ஒரே நிறத்தில், ஒரே அளவில் வாங்கியிருந்தாள். நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்து, இருந்ததை உள்ளே எடுத்து வைத்தாள்.

செவிலிமேட்டில் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடிதான் ஒரு பட்டு நிறுவனத்தின் டிசைன் கோப்புகளை அவள் பராமரித்துவந்தாள். புடவை டிசைன்களைத் திருத்தத் திருத்த, பழைய வடிவம் எதுவும் அழியாமல் ‘கிட்’ என்ற மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்து சேர்ந்து இப்போது அது நகரவே மறுத்தது.

“ஒரு பார்டரைத் தொறக்கறதுக்குள்ள கஸ்டமர் எழுந்து போயிடறாங்கம்மா. இன்னிக்கே சுருக்கிடு,” என்று முதலாளி சிவராஜ் காலையில் போனில் கத்தியிருந்தார்.

பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, சுருக்கும் கட்டளையை ஓடவிட்டிருந்தாள். அது கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளும். மற்றதில் வேறுபடும் துணுக்கை மட்டும் அதனோடு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பொதியாக அமுக்கும். பிறகு தனிப் பிரதிகளை அழித்துவிடும். வழக்கமாக அருகருகே இருப்பவற்றைத்தான் ஒப்பிடும். நன்றாக இறுகட்டும் என்று இன்று அவள் அந்த எல்லையை மிகப் பெரிதாக்கியிருந்தாள்.

மடிக்கணினியின் விசிறி இரைந்தது. சூடான பிளாஸ்டிக்கோடு பால் பொங்கிக் கருகியது போன்ற வாடையும் எங்கிருந்தோ வந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே, உள்ளறையில் பிள்ளைகள் பொம்மைக்காகச் சண்டை போடுவது கேட்டுக்கொண்டே இருக்க, அந்த இரண்டு குரல்களும் மெல்ல மெல்ல நெருங்கி, ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கி, கடைசியில் எது யாருடையது என்று பெற்றவளுக்கே பிரிக்க முடியாமல் போயிற்று.

“அபி?”

“என்னம்மா?”

“உமை?”

“என்னம்மா?” அதே குரல்.

எழுந்திருக்கப் போனாள். கைப்பேசி அடித்தது. கணவன் மாணிக்கவேல்.

“பாப்பாவுக்கு என்ன வாங்கினு வரட்டும்?”

“ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கினு வாங்க.”

“ரெண்டு பேரா? வூட்டுக்கு யாரு வந்துக்கறாங்க?”

“உமையும் அபியும்ங்க!”

அவன் சிரித்தான். “அபியா? அது யாரு தேவி? நமக்கு ஒரே பொண்ணுதானேம்மா.”

அவள் சுவரைப் பார்த்தாள். பிறந்தநாள் படத்தில் கணவன் உமையாளை அணைத்திருந்தான். பக்கத்தில் நின்ற தேவிப்ரியாவின் கை மட்டும், ஒரு பிள்ளையின் தோள் உயரத்தில், வெறும் காற்றைப் பற்றியிருந்தது.

திரைக்கு ஓடினாள். பொதி கட்டி முடிந்திருந்தது. தனிப் பிரதிகள் அழிந்துகொண்டிருந்தன. நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மடிக்கணினியை மூடினாள். மூடிய பிறகும் விசிறி இரைந்தது.

பிறகு அதுவும் நின்றது. தறிச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

உள்ளறை. கட்டிலில் உமையாள் மட்டும். உதடுகளை இறுக மூடியிருந்தாள்.

“அபி எங்கடி?”

தலையை ஆட்டினாள்.

தேவிப்ரியா அவளை வாரித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. இடுப்பு இற்றது. ஒரு பிள்ளையின் கனம் இல்லை அது.

“அம்மா,” என்றது ஒரு குரல். உமையாளின் உதடுகள் அசையவில்லை. “மூச்சு முட்டுதும்மா.”

“வாயைத் தொற, கண்ணு. தொற.”

உமையாள் மெல்லத் திறந்தாள். பால்பற்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு வரிசைப் பால்பற்கள். அதற்கும் பின்னால், தொண்டைக்குள் மடித்துத் திணிக்கப்பட்டிருந்த சின்ன முகத்தில், ஒரு கண் மட்டும் அம்மாவைப் பார்த்து இமைத்தது.