டிக்கிக்குள் டொக்... டொக்!

"வீ...ல்!"

மேலகரம் தாண்டி, குற்றாலம் போகும் சாலையோரத்து மருத மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அத்தனையும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தன.

அலறியது பெண் இல்லை.

தென்காசி வக்கீல் வல்லிநாயகம்! கோர்ட்டில் அவன் குரல் ஒரு நாளும் இவ்வளவு எழும்பியதில்லை.

அவன் முன்னால் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். டிக்கி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே தொங்கியது...

எண்ணெய் பளபளக்கும் கறுத்த கை. விரல்களுக்கு நடுவே ஒரு ஸ்பானர்.

கை அசையவில்லை.

"அக்கா... பொ... பொணம்!"

முன் சீட்டிலிருந்து டாக்டர் முத்துவடிவு நிதானமாக இறங்கினாள். தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர். வல்லிநாயகத்தின் ஒரே அக்கா. அவசரப்பட்டு அவள் எதையும் செய்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

"கத்தாதலே. பொணம்னா எங்கயும் ஓடிப் போயிராது. நகரு!"

இந்த அப்பாவி வக்கீலுக்கு ஏன் இப்படி ஒரு தலையெழுத்து? கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும்.

கறுப்புக் கோட்டு மாட்டி மூன்று வருஷம். ஒரு கட்சிக்காரனும் வீட்டுப் படி ஏறவில்லை. காரணத்தை வல்லிநாயகம் கண்டுபிடித்துவிட்டான்.

"கட்சிக்காரன் வக்கீலோட மண்டையப் பாக்கான்னு நெனைக்கியாக்கா? வண்டியப் பாக்கான்! ஸ்போர்ட்ஸ் கார்ல போய் இறங்கினேன்னு வையி... கேஸ் தானா வரும்!"

"மூவாயிரம் ரூவா தாரேன். அதுக்கு மேல ஒத்தப் பைசா கிடையாது. இந்த வருஷம் ஒரு கேஸாவது வரல... கோட்டக் கழட்டிட்டு வாத்தியார் வேலைக்குப் போயிரணும். சம்மதமா?"

சம்மதம்!

1964-ல் மூவாயிரம் ரூபாய்க்கு அசல் சீமை ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் கிடைக்கலாம். கூட ஹாரனும் தருவார்கள். எனவே நகல்தான் கதி! ஏதோ ஒரு பழைய காரின் உடம்பை உரித்துப்போட்டு, மேலே தகரத்தை வளைத்து, சீமை வண்டி மாதிரியே கட்டியிருப்பார்கள். அதிலும் செகண்ட் ஹேண்ட்!

செங்கோட்டையில் ஒன்று பார்த்தார்கள். முன்பக்கம் லண்டன், பின்பக்கம் லாரி.

இலத்தூரில் இன்னொன்று. சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழிக்குத் தனி விலை சொன்னான் சொந்தக்காரன்.

மூன்றாவதுதான் தென்காசி மந்திரமூர்த்தி காரேஜில் நின்ற இந்தச் சிவப்பழகி. இரண்டே சீட்டு. நீள மூக்கு. வல்லிநாயகம் பெயிண்டைப் பார்த்தான்... கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தான்... அவ்வளவுதான், விழுந்துவிட்டான்!

அக்கா விழவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து பானெட்டில் வைத்துக் கேட்டாள்.

"துடிப்பு பரவாயில்ல. ஆனா பின்னால என்னமோ டொக் டொக்னு கேக்கே?"

"அது ஸ்போர்ட்ஸ் சத்தம் டாக்டரம்மா!" மந்திரமூர்த்தி பல் அத்தனையும் காட்டினான். "லண்டன்ல இந்தச் சத்தத்துக்குன்னே தனியா காசு வாங்குதான்! நாலாயிரம் சொல்லுதேன். குற்றாலம் வர ஓட்டிப் பாருங்க. நான் பின்னாலயே சைக்கிள்ல வாரேன்."

கார் கிளம்பியது. டொக்... டொக்... சாரல் முகத்தில் அடித்தது. வல்லிநாயகத்துக்கு உலகமே தனக்காக ஒதுங்கி நிற்பது போல இருந்தது.

மேலகரம் தாண்டியதும் டொக் சத்தம் நின்றது.

கொஞ்ச தூரத்தில் காரும் நின்றது!

சத்தம் எங்கே போயிற்று என்று பார்க்க டிக்கியைத் திறந்தான்...

மீதி உங்களுக்குத் தெரியும்.

"காலைப் பிடி. வெளிய தூக்கணும்!"

"நானா?"

"பின்ன, குரங்கா வந்து பிடிக்கும்?"

இருவருமாகத் தூக்கிப் புல்லில் கிடத்தினார்கள். சட்டை இல்லாத உடம்பு. தலை முதல் கால் வரை கிரீஸ். அக்கா மண்டியிட்டு நாடி பிடித்தாள்.

"லேய், இவன்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள்...

கிரீச்! சைக்கிள் பிரேக்.

மூச்சு வாங்க வந்து நின்ற மந்திரமூர்த்தி, புல்லில் கிடந்த உருவத்தைப் பார்த்தான். முகம் வெளிறியது. அப்புறம் சட்டென்று குரலை உயர்த்தினான்.

"யாரு இவன்? நான் இவனப் பார்த்ததே கிடையாது!"

"உம்ம டிக்கியிலதான்யா கிடந்தான்!" வல்லிநாயகம் பதறினான்.

"என்ட்ட இருந்து கிளம்பும்போது டிக்கி காலி! வழியில ஆளப் போட்டது நீரா, உங்க அக்காளா... எனக்கென்ன தெரியும்? வண்டிய ஓட்டினது நீருதான வக்கீலய்யா?"

வல்லிநாயகம் தலையில் அடித்துக்கொண்டான். பாவி! கொலையை என் தலையில் கட்டுகிறானே!

"அக்கா! உயிர் இருக்கா? இருக்குன்னு சொல்லு!"

அக்கா பிணத்தின் முகத்தைப் பார்த்தாள். மந்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சு போச்சு."

முந்நூற்று இரண்டு! இந்தியன் பீனல் கோடில் வல்லிநாயகத்துக்கு மறக்காத ஒரே செக்ஷன்! மூன்று வருஷமாக ஒரு கேஸுக்குத் தவம் கிடந்தான். முதல் கேஸே தன்னுடைய கேஸா? அதுவும் தூக்குமேடைக் கேஸா?

அழுகை வந்தது. அழுதும்விட்டான்.

அந்த நேரம் பார்த்து...

தட தட தட தட!

தென்காசிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள். ஏறியிருந்தவருக்குக் காக்கிச் சட்டை!

சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன்! சீசன் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன டாக்டரம்மா... வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளி விடவா?"

"வேண்டாங்க! நல்லாத்தான் நிக்கு!" என்றான் வல்லிநாயகம்.

எஸ்.ஐ.யின் கண்கள் மெல்ல நகர்ந்தன. கார்... டிக்கி... புல்...

"அது யாரு, அங்கன படுத்துக் கிடக்கிறது?"

வல்லிநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மந்திரமூர்த்தி சைக்கிள் மணிக்குப் பின்னால் ஒளிய முயன்றான். முடிகிற காரியமா?

அக்கா மட்டும் அசரவில்லை.

"வேற என்ன? சீசனுக்கு வந்த ஆளு."

எஸ்.ஐ. உற்றுப் பார்த்தார். சட்டை இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிகிறது. கண் மூடியிருக்கிறது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் இப்படி எத்தனை பேரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது!

"ஓஹோ... எண்ணெய் தேச்சு அருவியில நின்ன அசதியாக்கும்! எண்ணெய் தேச்ச அன்னிக்குத் தூங்கக்கூடாதுன்னு நீங்க சொல்லப்படாதா டாக்டரம்மா?"

"சொன்னா எந்திரிக்க மாட்டேங்கான்!"

எஸ்.ஐ. சிரித்தார். தட தட தட! வளைவில் மறைந்தார்.

வல்லிநாயகம் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா இப்போது மந்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். அறுவை சிகிச்சைக்குக் கத்தியை எடுக்கும்போது அவள் குரல் இப்படித்தான் தணியும்.

"வே மந்திரமூர்த்தி. பிரேதப் பரிசோதனை நான்தான் பண்ணணும். கையில ஸ்பானர். மேலெல்லாம் கிரீஸ். இவன் எந்தக் காரேஜ் ஆளுன்னு தென்காசியில ஒரு பயலுக்கும் தெரியாதா?"

அடுத்த நொடி, மந்திரமூர்த்தி தொபுக்கென்று பிணத்தின் காலடியில் விழுந்தான்!

"ஐயோ இசக்கி! என் மச்சினனே! ஒங்க அக்காவுக்கு என்னலே பதில் சொல்லுவேன்!"

"மச்சினனா!" வல்லிநாயகம் துள்ளி எழுந்தான். "மச்சினன டிக்கிக்குள்ள ஏன்யா வச்சீரு?"

"பெட்ரோல் பம்ப் வக்கீலய்யா... பெட்ரோல் பம்ப்!" மந்திரமூர்த்தி விம்மினான். "டிக்கிக்குள்ள ஒரு பம்ப் இருக்கு. அதுதான் பெட்ரோல இன்ஜினுக்குத் தள்ளி விடுது. அப்பப்ப ஒட்டிக்கிடும். ஸ்பானரால தட்டினாத்தான் ஓடும். புதுசுக்கு மெட்ராசுல சொல்லி வச்சிருக்கு, எப்ப வருமோ! அதுவரைக்கும் இவனத் தட்டச் சொல்லி..."

"அப்ப அந்த டொக் டொக்?"

"இவன்தான்!"

லண்டனில் காசு வாங்குகிற ஸ்போர்ட்ஸ் சத்தம்!

"வேற என்னென்ன இருக்கு? பொணத்தத் தொட்டுச் சொல்லும்!" என்றாள் அக்கா.

மந்திரமூர்த்தி கையை இசக்கியின் நெஞ்சில் வைத்தான்.

"தரையில இரும்பு கிடையாது... பலகைதான். இடது கதவுக் கண்ணாடி ஏறாது. மீட்டர் முள்ளு சும்மா ஒட்டி வச்சது. பெயிண்ட் மழையில ஊறுச்சுன்னா... கொஞ்சம் கையில வரும்."

வல்லிநாயகம் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். முழங்கை இரண்டும் சிவப்பு!

"ஆனா இன்ஜின் மட்டும் சத்தியமா லண்டன் சரக்கு! கொச்சி கப்பல்ல வந்து இறங்கினது! இசக்கி மேல ஆணை..."

"பொய்!"

சொன்னது யார்?

அக்கா இல்லை. வல்லிநாயகம் இல்லை.

பிணம்!

பிணம் எழுந்து உட்கார்ந்தது! "பச்சைப் பொய்! புனலூர்ல டாக்ஸியில கிடந்த இன்ஜின்! அதுக்கு முன்னால மாவு மில்லுல ஓடிச்சு! வாயத் திறந்தா பொய்யா அத்தான்?"

"வீ...ல்!"

இந்தத் தடவை மூன்றே எட்டில் வயலுக்குள் இறங்கிவிட்டான் வல்லிநாயகம். முழங்கால் வரை சேறு. குரங்குகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெளிய வாலே! அவன் சாகவே இல்ல. பெட்ரோல் வாடையில மயங்கிக் கிடந்தான், அம்புட்டுத்தான்."

"ஒனக்கு... முன்னாலேயே தெரியுமா?"

"நாடி பாக்கும்போதே கண்ணு முழிச்சுட்டான். அதச் சொல்ல வாயெடுக்கேன்... இந்த மனுசன் 'யாரு இவன்'ங்கான்! அதக் கேட்டுட்டு இவன் என்னப் பாத்துக் கண்ணடிச்சான். பேஷண்டு விருப்பப்படிதான நடக்கணும்?"

வல்லிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தூக்குக் கயிறு கழுத்தைவிட்டு இறங்கிய சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சேற்றுக் காலோடு ஓடிவந்து இசக்கியைக் கட்டிக்கொண்டான்.

இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என் அக்காவக் கட்டின மனுசன், என்னத் தெரியாதுன்னுட்டாரே! செத்தவனாவே கிடப்போம்னு கிடந்துட்டேன். ஆனா இன்ஜின் விஷயத்துல பொறுக்க முடியல!"

"விலையச் சொல்லும்" என்றாள் அக்கா.

"மூவாயிரம்..." என்று மந்திரமூர்த்தி முனகினான்.

"ஆயிரத்து ஐநூறு!"

"தாயே! தகரத்துக்கே காணாதே!"

"ஆயிரத்து இருநூறு போதும் டாக்டரம்மா" என்றான் இசக்கி. "அவருக்கு அடக்க விலை என்னன்னு எனக்குத் தெரியும்!"

சாலையோரத்திலேயே பேரம் முடிந்தது. மந்திரமூர்த்தி சைக்கிளைத் திருப்பினான். "வாலே இசக்கி, பின்னால ஏறு. வீட்டுக்குப் போவோம்."

"யாருவே நீரு? நான் ஒம்மப் பார்த்ததே கிடையாது!"

மந்திரமூர்த்தி தனியாக மிதித்தான்.

வல்லிநாயகத்துக்கு நெஞ்சு விம்மியது. என் கார்! பாதி விலைக்கும் கீழே! இனி நேரே குற்றாலம் கடைவீதி. ஊரே பார்க்க வேண்டும்... சாவிக்குக் கையை நீட்டினான்.

சாவி அக்காவின் கையில் இருந்தது.

"பணம் யாரு குடுத்தா? நான்தான் ஓட்டுவேன்."

"சரி... நான் பக்கத்துல..."

"பக்கத்துல பேஷண்டு. மயங்கினவனுக்குக் காத்துப் படணும்."

"அப்ப... நான்?"

இரண்டே சீட்டு!

அக்கா ஸ்பானரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

டிக்கி மூடியில் ஒரு செருப்பைச் செருகி, மூச்சு விட இடம் விட்டார்கள். பெட்ரோல், கிரீஸ், சேறு. டொக்... டொக்... வல்லிநாயகம் தட்டினான். தட்டாவிட்டால் வண்டி நின்றுவிடுமே!

குற்றாலம் கடைவீதி. நேந்திரங்காய் வறுபடும் வாசம் சந்து வழியாக வந்தது. கூட்டத்தில் கார் நின்றது. வெளியே ஒரு கணீர்க் குரல்!

"ஏட்டி, என்ன அழகு! யாரு வண்டிம்மா இது?"

"என் தம்பி வண்டி ஆச்சி. வக்கீல்."

"வக்கீலா! நான் வீரகேரளம்புதூர் குருவம்மா. என் நஞ்சைய அம்புட்டையும் பங்காளி ஒருத்தன் வளச்சுப் போட்டுட்டான்! நல்ல வக்கீலா இன்னும் ஆப்படல. இம்புட்டுப் பெரிய வண்டி வச்சிருக்கவரு லேசுப்பட்ட ஆளா இருக்க மாட்டாரு! எங்க அவரு? இப்பவே வக்காலத்துக் குடுக்கேன்!"

டொக் நின்றது.

கேஸ்! முதல் கேஸ்! சொன்ன மாதிரியே காரைப் பார்த்து, நஞ்சை நிலத்தோடு வந்து நிற்கிறது! வல்லிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி ஒரு நிமிஷமும் பொறுக்க முடியாது. முதுகால் மூடியை முட்டித் தள்ளினான்...

படார்!

கையில் ஸ்பானர். முகமெல்லாம் கிரீஸ். சட்டையெல்லாம் சிவப்பு. "நாந்தான் ஆச்சி வக்கீல்!" என்று எழுந்து நின்றான்.

"வீ...ல்!" குருவம்மாள் பழக்கடைக்காரர் மேலேயே சாய்ந்தாள். "ஐயோ, ரத்தம்! கொலைகாரன்! டிக்கிக்குள்ள கொலைகாரன்!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க ஆச்சி. இந்த வண்டிக்குப் பெட்ரோல் பம்ப்... பி.ஏ., பி.எல். படிச்சது!"