மாலை ஆறு மணி ஊர்

குட்டி, நண்டு, பஞ்சு மூவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே ஊரில் கூடிவிடுவார்கள். கணினி விளையாட்டுக்குள் கட்டை கட்டையாக அடுக்கி அவர்களே கட்டிய ஊர் அது.

ஊர் இருந்தது, எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் கணினியில். ஒரு வருட வாடகையைக் குட்டியின் அண்ணன் மொத்தமாகக் கட்டியிருந்தான். ஊரின் நடுவே தனக்கு ஒரு மாடி வீடும் கட்டிக்கொண்டான். வருடம் முடிவதற்குள் அண்ணன் இறந்துபோனான்.

இந்த வெள்ளிக்கிழமையோடு வாடகை முடிகிறது. அப்புறம் ஊரை அழித்துவிடுவார்களாம்.

"என் உண்டியல்ல இருக்கறது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது," என்றான் நண்டு.

"எங்கிட்ட உண்டியல் மட்டும்தான் இருக்கு," என்றாள் பஞ்சு.

குட்டி யோசித்தாள். "நாம விளையாடறது ஒரு மணி நேரம். அதுக்கு எதுக்கு நாள் முழுக்க ஓடற சர்வர்? ஊரை நகல் எடுத்து எங்க வீட்டுக்கே கொண்டுவந்துடலாம்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல வைப்ப?" என்றான் நண்டு.

"அண்ணனோடதுல," என்றாள் குட்டி.

அண்ணனின் அறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வெளியே எத்தனையோ லிஃப்ட் கதவுகளைத் திறப்பவர், இந்த ஒரு கதவின் பக்கம் போவதில்லை.

"அது அவன் பொருள்மா. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"ஊரும் அவன் கட்டினதுதாம்பா. வெள்ளிக்கிழமை போயிடும்."

அப்பா எழுந்துபோய்ச் சாவியை எடுத்து அறையைத் திறந்தார். கணினியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மெதுவாகத் தட்டினார். நண்டு போனில் வழி சொல்லச் சொல்ல, குட்டி ஊரை அதில் இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. அண்ணனின் கணினி அவன் அறையில் ஓடியது. குட்டி கூடத்தில் அம்மாவின் மடிக்கணினியை அதோடு இணைத்து விளையாடினாள். ஊர் ஒரு கட்டைகூடக் குறையாமல் வந்திருந்தது.

பத்தே நிமிடம். எல்லாம் நின்றுபோனது.

போன் அடித்தது. "நான் கிணத்துல பாதி இறங்கியிருந்தேன்," என்றான் நண்டு. "ஏறவா, இறங்கவா?"

குட்டி அறைக்கு ஓடினாள். அப்பாவின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"ஆளில்லாத ரூம்ல மெஷின் ஓடிட்டிருந்துது. அணைச்சேன்," என்றார்.

குட்டி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, லிஃப்டுக்குள்ள ஆள் இருந்தா மெயினை அணைப்பீங்களா?"

"அதெப்படி அணைப்பேன்?"

"இதுக்குள்ளயும் மூணு பேர் இருந்தோம்பா. ஒருத்தன் கிணத்துல தொங்கறான்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு தன் வேலைப் பையைத் துழாவி ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். லிஃப்டில் வேலை நடக்கும்போது மாட்டுகிற அட்டை. சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே தொங்கவிட்டார்.

'உள்ளே ஆள் இருக்கிறார். அணைக்காதீர்.'

"ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் இது தொங்கும். ஏழாச்சுன்னா நானே கழட்டுவேன். சரியா?"

"சரிப்பா."

குட்டி ஊரை மறுபடி ஓடவிட்டதும் நண்டு கிணற்றிலிருந்து ஏறி வந்தான். அப்பா கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் வீடு எது?"

குட்டி காட்டினாள். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மாடி இருக்கு. படியைக் காணோமே?"

"வைக்க மறந்துட்டாம்பா."

அப்பா சிரித்துவிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "லிஃப்ட்காரன் பிள்ளை வேற எப்படிக் கட்டுவான்?" என்றார். "தள்ளு, நான் ஒரு படி வைக்கறேன். எந்த பட்டனை அழுத்தணும்?"