கமாண்டரின் பூட்ஸ்

கமாண்டர் நெஸீரின் பூட்ஸைக் காணவில்லை. குடைகளையெல்லாம் கூட உதறிப் பார்த்துவிட்டாள் மெலிஹா.

போர்க்காலத்தில் மலைமேல் நின்று இந்த ஊரைக் காத்தவர் நெஸீர். அங்கேயே குண்டுபட்டு இறந்தும் போனார். அன்றிலிருந்து, படையினர் கொண்டுவந்து கொடுத்த அவருடைய பூட்ஸ், இப்போதுதான் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனவருடையதைப் போல, உள்பக்கம் பார்த்தபடி வாசலிலேயே இருந்தது. அவர் மனைவி ரமீஸா தினமும் அதற்குப் பாலிஷ் போடுவார்.

இன்று அவருடைய நினைவு நாள் துஆ, எல்லோரும் கூடிச் செய்யும் பிரார்த்தனை. விருந்தாளிகள் கிளம்பும்போது சட்டென்று மாட்டிக்கொள்ள வசதியாக, அவர்களுடைய காலணிகளை வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பது பிள்ளைகளின் வேலை. பக்கத்து வீட்டு மெலிஹா நாற்பது ஜோடியைத் திருப்பினாள். திருப்பிய வேகத்தில் கமாண்டரின் பூட்ஸையும் திருப்பிவிட்டாள். யாரோ அதை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்!

வாசலில் மிஞ்சியது ஒரு ஜோடி கிழிந்த ஷூ. அடி பிளந்து, உள்ளே அட்டை தெரிந்தது. மலையில் ஆடு மேய்க்கும் அவ்தோ மாமாவுடையது. அவர் கமாண்டரின் படையில் இருந்தவர்.

ரமீஸா அத்தை உள்ளே காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பூட்ஸ் இல்லாத வாசலைப் பார்த்தால் அவர் மனம் உடைந்துபோகும். மெலிஹா ஷூவைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள்.

"மாமா, நில்லுங்க! உங்க காலைப் பாருங்க!"

அவ்தோ குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லாஹ்! கண்ணாடி போடாம வந்தது வினையாப் போச்சே. கால் கதகதன்னு இருக்கும்போதே யோசிச்சிருக்கணும்."

சேற்றிலேயே நின்று பூட்ஸைக் கழற்றினார். யாருக்கும் தெரியாமல் அதைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஆனால் மெலிஹா அந்தப் பிளந்த ஷூவைப் பார்த்தாள். அதை அவரிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்களும் வாங்க மாமா. நான் அத்தைகிட்டப் பேசறேன்."

"என்னத்தப் பேசுவே?"

மெலிஹா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரமீஸா வாசலில் நின்று வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தெரியாம திருப்பி வெச்சுட்டேன், அத்தை. மன்னிச்சிருங்க" என்றாள் மெலிஹா. "ஆனா மாமா ஷூவுல வெறும் அட்டைதான் இருக்கு. இதைப் பார்த்தா கமாண்டர் என்ன சொல்வாரு?"

"சும்மா இரு, குட்டி!" என்று பதறினார் அவ்தோ. "மன்னிச்சுக்குங்க, அண்ணி."

ரமீஸா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்வாரா? என்னைத்தான் திட்டுவாரு. அறுபது பேருக்குப் பதினோரு ஜோடி பூட்ஸ் வெச்சுக்கிட்டு இருந்த காலம் அது. மலை ஏறுறவன் போட்டுக்குவான், இறங்கினதும் அடுத்தவனுக்குக் கழட்டிக் கொடுப்பான். இதுவும் அப்படித்தானே கைமாறுச்சு, அவ்தோ?"

"ஆமா அண்ணி. நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன்."

"அப்ப இன்னும் என்ன பார்க்கிறே? இப்ப உன் முறை. போட்டுக்க."

அவ்தோ குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். "தினமும் பாலிஷ் போடணுமா, அண்ணி?" என்று மெல்லக் கேட்டார்.

"பின்னே? உன் ஆடுங்க அதுல மூஞ்சி பார்த்துக்கணும்!"

மூவருமே சிரித்துவிட்டார்கள்.

அவ்தோ தெருமுனையைத் தாண்டும்வரை ரமீஸாவும் மெலிஹாவும் வாசலிலேயே நின்றார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகு அந்த பூட்ஸ் மறுபடியும் மலை ஏறியது.